அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்தாருக்கும் பயண முகவர்களுக்கும் வணக்கம்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போகவிருந்த முதல் வெளிநாட்டுப் பயணம் அது. அவர்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டு நிறைவதற்காகப் பிள்ளைகள் மூன்று பேரும் பணம் போட்டுப் பதிவு செய்தோம். இந்தோனேசியா, எட்டு நாள். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருப்பித் தந்தார். அப்பாவுடையதை வாங்கியவர் திரையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், எழுந்து போய் மேலதிகாரியை அழைத்து வந்தார். அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதமும் சில நாட்களும்தான் இருந்தன. அந்த நாட்டில் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அம்மா மட்டும் போகலாம் என்றார்கள். அம்மா பதில்கூடச் சொல்லவில்லை, பெட்டியை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கவுண்டர் அல்ல. அங்கே இருந்தவர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் பாஸ்போர்ட்டின் நகலை எங்கள் முகவருக்கு அனுப்பியிருந்தோம். அதைப் பார்த்துத்தான் டிக்கெட்டில் பெயர் அடித்தார்கள், பிறந்த தேதி எழுதினார்கள், பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். காலாவதித் தேதியும் அதே பக்கத்தில்தான் அச்சாகியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. பின்னர் கேட்டபோது, "ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று நிபந்தனையில் போட்டிருக்கிறோமே" என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான். பதினேழாவது நிபந்தனை, பொடி எழுத்தில்.

நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவள்தான். பதிவு செய்த நாளில் அதில் ஏழு மாதத்துக்கு மேல் மீதி இருந்தது. பயணம் முடிந்த பிறகும் பல மாதம் செல்லும் பாஸ்போர்ட்டில் என்ன குறை இருக்க முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ வெளிநாடு போகிறவர்களுக்கு ஆறு மாத விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. உங்களுக்கு அது அன்றாட வேலை. தெரிந்தவர் தெரியாதவரிடம் விற்கும்போது, தெரிந்ததைச் சொல்லும் கடமையும் விற்பவருடையதுதான் என்று நான் நம்புகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி மூன்றையும் முன்பணம் வாங்குவதற்கு முன் பாருங்கள், பார்த்ததைப் பயணியிடம் சொல்லுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இப்படித்தான் இருக்கிறது. 2015இல் கொண்டுவந்து 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பேக்கேஜ் பயண விதிகளின்படி, ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சில தகவல்களை ஏற்பாட்டாளர் பயணிக்குத் தந்துவிட வேண்டும். போகும் நாட்டின் பாஸ்போர்ட், விசா தேவைகள், விசா கிடைக்கத் தோராயமாக ஆகும் காலம், உடல்நலம் தொடர்பான நிபந்தனைகள் எல்லாம் அதில் சேர்ந்தவை. அத்தனை நாடுகளிலும் இதைச் செய்துகொண்டே தொழில் நடத்துகிறார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் நீங்களும் செய்யலாம்.

கவுண்டரில் அந்தப் பெண் பார்த்த திரையில் என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் 'டிமாட்டிக்' என்ற தரவுத்தளம். 1963 முதல் இருக்கிறது. பயணியின் குடியுரிமை, போகும் நாடு, இடையில் மாறும் நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் என்னென்ன ஆவணம் தேவை என்று சொல்லிவிடும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன, அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுவருவதும் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் கவுண்டரில் அவ்வளவு கண்டிப்பு. ஆனால் பயணியின் ஆவணங்களை ஒருவர் அக்கறையோடு பார்ப்பது அங்கேதான் முதல்முறை என்றால், அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருக்கும். அதே கேள்விகளை இரண்டு மாதம் முன்பு உங்கள் மேசையில் கேட்டிருந்தால் அப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்.

பாஸ்போர்ட்டில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி மட்டுமல்ல. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே பகுதியாக இயங்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் கணக்கே வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். அதோடு, நுழையும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு தாண்டியிருக்கவும் கூடாது. பழைய பாஸ்போர்ட்டில் மீதியிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 2018 வரை இருந்தது. அப்படிப் பத்து ஆண்டுக்கு மேல் செல்லும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, இன்னும் காலாவதியாகவில்லையே என்று நம்பிப் போனவர்கள் விமான நிலையத்தில் நின்றுபோனார்கள். முடியும் தேதியை மட்டும் பார்த்து, வழங்கிய தேதியைப் பார்க்காததன் விளைவு.

வெற்றுப் பக்கம் எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள். தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் முத்திரைக்கு இடம் இல்லாத பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களும், குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லாதவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தொலைந்தது என்று புகார் கொடுத்த பிறகு அலமாரியில் கிடைத்த பாஸ்போர்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கென்று இன்டர்போல் 2002 முதல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. புகார் அதில் ஏறிய பின் பாஸ்போர்ட் கையில் கிடைத்துவிட்டாலும், அதைக் காட்டினால் எல்லையில் நிறுத்தப்படலாம். கிடைத்த மகிழ்ச்சியில் யாருக்கும் இது நினைவுக்கு வராது.

சரி, விசாவுக்கு வருகிறேன். உங்கள் விளம்பரங்களில் நான் அதிகம் பார்க்கும் சொல் 'விசா தேவையில்லை'. பல நேரங்களில் இது பாதி உண்மைதான். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் தகுதி உள்ள நாட்டவரும் புறப்படுவதற்கு முன் 'எஸ்டா' என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று ஒவ்வொரு நாட்டிலும் இதுபோல ஒன்று இருக்கிறது. விசா தேவையில்லை என்று படித்தவர் முன்கூட்டி எந்த அனுமதியும் வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து பதறி இணையத்தில் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றம் தந்து பலமடங்கு கட்டணம் பிடுங்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கின்றன. சரியான அரசுத் தளம் எது என்று நீங்களே ஆரம்பத்தில் காட்டிவிட்டால் அந்த வலையில் யாரும் விழ மாட்டார்கள்.

இடையில் விமானம் மாறும் ஊரைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விடுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. விலை குறைந்த டிக்கெட் பெரும்பாலும் சுற்றுவழியில்தான் கிடைக்கும். அந்த வழியில் விசா தேவைப்பட்டால் குறைந்த விலையால் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் இரண்டே மணி நேரம் இருந்து வேறு நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தாலும் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதற்கு விசாவோ எஸ்டாவோ கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளில் சில குடியுரிமையாளர்களுக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலேயே டிரான்ஸிட் விசா தேவைப்படுகிறது. இலங்கை, பங்களாதேஷ், நைஜீரியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஷெங்கன் பகுதிக்குள் ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊருக்குப் பறந்து, அங்கிருந்து வேறு கண்டம் போனால் ஷெங்கனுக்குள் நுழைந்ததாகவே கணக்கு. இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி ஒட்டிக் கொடுக்கிறீர்களே, அப்போது இன்னும் சிக்கல். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வெளியே வந்தாக வேண்டியிருக்கும். வெளியே வர விசா?

எத்தனை முறை நுழையலாம் என்பதும் அப்படித்தான். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவில் பாரிஸ் போய், நடுவில் லண்டன் பார்த்துவிட்டு, திரும்ப ரோம் போகும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். லண்டன் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. அதற்குத் தனி விசா வாங்கியிருந்தாலும், ரோமுக்குள் மறுபடி நுழைய அந்த ஷெங்கன் விசா செல்லாது. நாள் கணக்கும் இருக்கிறது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. சென்ற கோடையில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்து வந்த பெற்றோருக்கு இந்த ஆண்டுப் பயணத்தில் எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று நீங்கள்தான் கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

'விசா உறுதி' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் கையில் இருக்கிறது. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், மிகத் தாமதமாகக் கொடுத்தாலும் 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு 15 நாளில் வர வேண்டும் என்றாலும் 45 நாள் வரை இழுக்க விதியில் இடம் இருக்கிறது. இவையெல்லாம் விண்ணப்பம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆகும் காலம். நேர்காணலுக்கும் கைரேகைக்கும் நாள் கிடைக்கக் காத்திருப்பது இதில் சேராது. விடுமுறைக் காலத்தில் அந்தக் காத்திருப்பே வாரக்கணக்கில் போகும். மூன்று வாரத்தில் புறப்படும் குழுவில் இன்னும் இடம் இருக்கிறது என்று விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பி வரும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனி தடுப்பூசி. இங்கே நிறைய தவறு நடக்கிறது. தவறினால் பணத்தோடு போகாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நுழைவதற்குச் சான்று கேட்கும் தடுப்பூசிகளில் முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் ஊசி. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, முதல் முறை போட்டுக்கொள்பவருக்கு ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஊசி போட்டுக்கொண்டவரின் கையில் மஞ்சள் நிறச் சான்று அட்டை இருக்கும், ஆனால் அது இன்னும் செல்லாது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் அப்படித்தான். அதற்கு முன் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அது ஆயுள் முழுவதும் செல்லும். இது தெரியாமல் 'உங்கள் அட்டை காலாவதியாகிவிட்டது, மறுபடி போடுங்கள்' என்று வயதானவர்களை அலைய விடும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ஊசி விஷயத்தில் எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த வழியாகப் போகிறோம் என்றும் பார்க்க வேண்டும். கென்யாவில் காட்டு விலங்குகளைப் பார்த்துவிட்டு அப்படியே தான்சானியாவின் சான்சிபார் கடற்கரைக்குப் போவது விரும்பி வாங்கப்படும் சுற்றுலா. உங்கள் சிற்றேட்டில் கென்யாவுக்கு என்ன தேவை என்று ஒரு பெட்டி இருக்கும், தான்சானியாவுக்கு ஒரு பெட்டி இருக்கும். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வருகிறவரிடம் தான்சானியா சான்று கேட்கும், கென்யா அந்த அபாயப் பட்டியலில் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதிய ஒரு வரி இருக்காது. அபாயப் பட்டியலில் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு வந்தாலும் பல நாடுகள் கேட்கின்றன. எத்தியோப்பியா வழியாகப் போகும் டிக்கெட்டை விற்கும்போது இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பார்த்தீர்களா?

திரும்பி வரும் நாடும் கேட்கும். இதைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிரேசிலோ கென்யாவோ போய்வருகிறவரிடம் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து முதலிய நாடுகள் சான்று கேட்கின்றன. அபாய நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் செல்லத்தக்க சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்குபவரைத் தனிமைப்படுத்தி வைக்கலாம், அதிகபட்சம் ஆறு நாள். கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஆறு நாள் வரை ஆகலாம் என்பதால்தான் அந்தக் கணக்கு. எல்லையில் இருப்பவர்கள் வேண்டுமென்றே இம்சை செய்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் கிருமியைப் பரப்பும் கொசு ஓர் ஊரில் இருந்து, கிருமி மட்டும் இன்னும் வராமல் இருந்தால், அதைக் கொண்டுவந்து சேர்க்க ஒரே ஒரு பயணி போதும்.

ஊசி எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள், 60 வயது தாண்டியவர்கள் ஆகியோரின் விஷயத்தில் மருத்துவர்தான் நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போட முடியாதவருக்கு மருத்துவ விலக்குக் கடிதம் தரலாம், ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் போகும் நாட்டின் விருப்பம். ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விற்கும்போது இந்தப் பேச்சை முதல் சந்திப்பிலேயே எடுத்துவிடுங்கள். முழுப் பணமும் கட்டிய பிறகு, "மருத்துவர் வேண்டாம் என்கிறார்" என்று ஒரு பெரியவர் உங்கள் முன் வந்து நிற்கும் நிலை வரக்கூடாது.

கேட்கவே கசப்பான இன்னொன்று, ஊசி போடாமல் முத்திரை மட்டும் குத்திக் கிடைக்கும் போலி மஞ்சள் அட்டை. அதை 'ஏற்பாடு' செய்து தருகிறேன் என்று சொல்பவர் உங்கள் தொழிலில் இருக்கவே கூடாது. கடுமையாகத் தாக்கினால் மஞ்சள் காய்ச்சல் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரை எடுக்கும் நோய், அதற்கென்று குணப்படுத்தும் மருந்து கிடையாது. போலி அட்டையைப் பார்த்து எல்லை அதிகாரி ஏமாறலாம், கொசு ஏமாறாது.

'கட்டாயம் இல்லை' என்பதையும் 'தேவையில்லை' என்பதையும் ஒன்றாக்கி எழுதுவதை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எல்லையில் யாரும் டைபாய்டு ஊசிச் சான்று கேட்பதில்லை, ஹெபடைடிஸ் ஏ ஊசிக்கும் கேட்பதில்லை. மலேரியாவுக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றையும் யாரும் கேட்கப்போவதில்லை. நாய்க்கடிக்கு முன்தடுப்பாக வெறிநாய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்பதில்லை என்பதால் நோய் வராமல் இருந்துவிடுமா? உங்கள் தாளில் 'தடுப்பூசி: தேவையில்லை' என்று படித்தவர் மருத்துவரிடம் போக மாட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக, புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு பயண மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதினால் போதும். சில ஊசிகளை இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை போட வேண்டியிருப்பதால்தான் ஆறு வாரம்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன, நாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் காலரா ஊசிச் சான்றும் பெரியம்மை ஊசிச் சான்றும் இல்லாமல் கடல் கடக்க முடியாது. காலரா சான்று 1973இல் பன்னாட்டு விதிகளிலிருந்து நீங்கியது. பெரியம்மை 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்தச் சான்றும் போனது. கோவிட் காலத்தில் விதிகள் வாரத்துக்கு வாரம் புரண்டதை நாம் எல்லோருமே பார்த்தோம். மாறும்தான். அதனால்தான் ஒருமுறை பார்த்தால் போதாது என்கிறேன். பதிவு செய்யும் நாளில் பார்த்து, இன்ன தேதியில் பார்த்த விதி இது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பாக்கிப் பணம் வாங்கும்போது ஒருமுறை பாருங்கள், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை பாருங்கள். இடையில் மாறியிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கு மேல் நடப்பதற்கு உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரே குழுவில் பத்துப் பேர் போனாலும் பத்துப் பேருக்கும் ஒரே விதி என்று நினைக்காதீர்கள். கணவர் ஒரு நாட்டுக் குடியுரிமை, மனைவி வேறு, குழந்தை மூன்றாவது நாட்டில் பிறந்தது என்று குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தை தாயோடு மட்டுமோ தந்தையோடு மட்டுமோ போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைச் சில நாடுகள் கேட்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கத் தலைக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குக் கட்டணம் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

அப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டார். கேட்டால், "போகலாம், போகலாம்" என்கிறார், தேதி மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அம்மா அந்தப் பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. வரும் விடுமுறைக்கு உங்களிடம் பதிவு செய்தவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் இப்போது உங்கள் கோப்பில் இருக்கும். இன்று வேலை முடிந்து கிளம்புவதற்கு முன் அவற்றை எடுத்து, காலாவதித் தேதியை மட்டுமாவது ஒருமுறை படித்துவிடுங்கள். யாருக்காவது ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் நாளைக் காலையிலேயே அவரை அழைத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கவுண்டரிலிருந்து திரும்பிய ஒரு தம்பதியின் மகள்